பழைய ஆலை நிலம்: விற்பதா, பங்காகப் போடுவதா, ஊரே வைத்திருப்பதா, குத்தகைக்கு விடுவதா?

ஊருக்கு நடுவே பூட்டிக் கிடக்கும் ஆலை நிலத்தை என்ன செய்யலாம் என்று எழுதிக் கேட்பவர்களில் மூன்று வகையினர் உண்டு. ஆலையை நடத்திய குடும்பத்து வாரிசுகள் ஒரு வகை. அந்த வார்டு கவுன்சிலர்களும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் இன்னொரு வகை. அப்புறம், அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்களின் பிள்ளைகள். கோவையில் பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில் போன்ற, மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கோடு நின்றதிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் சூடாகிவிட்டது.

வீடு, கடை, அலுவலகம், பட்டறை, பூங்கா எல்லாம் கலந்த, தண்ணீரையும் மின்சாரத்தையும் விரயம் செய்யாத ஒரு பேட்டையாக அந்த நிலத்தை மாற்ற முடியுமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். முடியும். பல நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் சூரிய மின்தகடு எங்கே, சைக்கிள் பாதை எங்கே என்று வரைபடம் போட உட்காரும் முன்பே முக்கால்வாசி விஷயம் முடிவாகிவிடுகிறது. நிலம் யார் கைக்குப் போகிறது, என்ன நிபந்தனையோடு போகிறது, பணம் எப்போது வருகிறது என்பதில்தான் அது முடிவாகிறது. அதனால் இங்கே கட்டட வடிவங்களை விட்டுவிட்டு, நிலத்தைக் கைமாற்றும் நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் மண். பாய்லர் எண்ணெய், சாயக் கழிவு, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், ஆஸ்பெஸ்டாஸ் கூரை எல்லாம் பல பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தன. நூற்பு மட்டும் நடந்த ஆலை என்றால் சுமை குறைவு. சாயப் பிரிவும் இருந்திருந்தால் நிலத்தடி நீரைப் பரிசோதிக்காமல் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை 1990-களில் மூடியது, குவியல் மட்டும் பல வருடம் நகரவில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடியது. அங்கே ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சம் இருக்கலாம் என்ற வாதமே வருடக்கணக்கில் நீண்டது. மாசடைந்த இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. கைமாற்றும் பத்திரத்தில் இந்தச் செலவு யார் தலையில் என்று எழுதாமல் விட்டால், கடைசியில் வீடு வாங்கியவர் தலையில்தான் விழும்.

இரண்டாவது, பணம் வரும் நேரம். காலி ஆலை நிலத்துக்கு இன்று ஒரு விலை. மெட்ரோவோ அகலச் சாலையோ வந்து, முதல் நூறு குடும்பங்கள் குடியேறிய பிறகு வேறொரு விலை. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் யாருக்குப் போகிறது? பூங்காவும் பள்ளியும் குறைந்த வாடகை வீடும் கட்டப் பணம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது, கலப்பு உண்மையானதா என்பது. கேட் போட்ட அடுக்குமாடி வளாகத்தின் வாசலில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருந்தால் அது கலப்புப் பயன்பாடு ஆகிவிடாது. தையல்காரரும் டூவீலர் மெக்கானிக்கும் தரைத்தளத்தில் கடை எடுக்க முடிகிறதா, பக்கத்துத் தெருக்காரர் குறுக்கே நடந்து போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மிச்சம் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய தொழிலாளர்களுக்கு என்ன கிடைக்கிறது, பசுமை வாக்குறுதிகளை இருபது வருடம் கழித்தும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறதா, எத்தனை காலம் பிடிக்கும்.

## முதல் வழி: மொத்தமாக ஏலம் விடுவது

நமக்கு மிகவும் பழக்கமான வழி. அதிகப் பணம் தருபவருக்கு நிலம், வாங்கியவர் பாடு அப்புறம். இதன் முழுப் பலனையும் பார்க்க மும்பையின் கிரண்காவ் பகுதிக்குப் போக வேண்டும். சுமார் 600 ஏக்கரில் அறுபதுக்குச் சற்றுக் குறைவான பஞ்சாலைகள். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு பல ஆலைகள் எழுந்திருக்கவே இல்லை.

1991-ல் வந்த மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 நியாயமானதாகத்தான் இருந்தது. நிலத்தை மறுவளர்ச்சி செய்தால், தோராயமாக மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, இன்னொரு பங்கு வீட்டு வசதி ஆணையத்துக்கு, மிச்சம் உரிமையாளருக்கு. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு 1996-ல் ஆலை நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, தெருக்களும் திறந்தவெளிகளும் தொடர்ச்சியாக வரும்படி திட்டம் தந்தது. அப்புறம் 2001-ல் விதி மாறியது. மொத்த நிலத்துக்கும் பங்கு கணக்குப் போடாமல், கட்டடம் இல்லாமல் காலியாக இருந்த நிலத்துக்கு மட்டும் பங்கு என்றார்கள். ஆலை நிலத்தில் பெரும்பகுதி ஷெட்தானே, ஊருக்குக் கிடைக்க வேண்டியது சுருங்கிப் போனது. பாம்பே என்விரான்மென்டல் ஆக்‌ஷன் குரூப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் புதிய விதியே செல்லும் என்றது.

பணக் கணக்கைப் பாருங்கள். தேசியப் பஞ்சாலைக் கழகம் 2005-ல் மும்பை டெக்ஸ்டைல் மில்லின் சுமார் 17 ஏக்கரை டி.எல்.எஃப் நிறுவனத்துக்கு 702 கோடி ரூபாய்க்கு விற்றது. அன்று அது பெரிய தொகை, பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. 2012-ல் அதே நிலம் லோதா நிறுவனத்துக்கு 2,700 கோடிக்கும் மேல் கைமாறியது. ஏழு வருடத்தில் கூடிய ஏறக்குறைய 2,000 கோடியில் முதலில் விற்ற அரசு நிறுவனத்துக்கு ஒரு பைசா கிடையாது.

மறைந்திருக்கும் செலவு இதைவிடப் பெரியது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக விற்கப்பட்டு, தனித்தனிச் சுவருக்குள் கட்டப்பட்டது. ஆலைக் காலத்து ரயில் நிலையங்களும் நடைமேம்பாலங்களும் கொஞ்சமும் மாறாமல், அலுவலகக் கூட்டம் மட்டும் பல மடங்கானது. 2017 செப்டம்பர் 29 காலை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பர் 29 அதிகாலை, கமலா மில் வளாகத்தின் மொட்டைமாடி உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் மடிந்தார்கள். நிலம் விற்ற பணம் ஒரு கணக்கில் சேர்ந்தது, பாலத்தையும் வடிகாலையும் தீயணைப்பு வசதியையும் பெரிதாக்க வேண்டிய செலவு வேறொருவர் கணக்கில் நின்றது. தொழிலாளர் வீடுகளுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2012-ல் தொடங்கிய குலுக்கல்களில் கிடைத்தது அதில் சிறு பகுதியினருக்குத்தான்.

நம் பெரம்பூர் பின்னி மில்லும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்து. 1996-ல் மூடப்பட்டு, சில காலம் சினிமா ஷூட்டிங் நடந்து, பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன.

இவ்வளவு சொன்னாலும் ஏலம் எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று ஏக்கர், சுற்றிலும் ஏற்கெனவே தெருவும் கடையும் இருக்கிறது, தொழிலாளர் பாக்கியும் வங்கிக் கடனும் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஏலம்தான் நேர்மையான வழி. பத்து வருடத் திட்டம் போடும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை, காத்திருந்தால் வட்டிதான் ஏறும். ஆனால் எஃப்.எஸ்.ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) எவ்வளவு, உள்ளே எந்தத் தெரு குறுக்கே ஓட வேண்டும், ஓ.எஸ்.ஆர் (பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கும்) நிலம் எந்த மூலையில் என்பதை ஏலத்துக்கு முன்பே வரைபடத்தில் பூட்டிவிட வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி பெரிய மனைகளில் பத்து சதவீதம் திறந்தவெளிக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கே என்பதை பில்டர் கையில் விட்டால், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் யாரும் போகாத ஒரு முக்கோணம்தான் பூங்காவாக வரும்.

## இரண்டாவது வழி: நிலத்தையே முதலாகப் போடுவது

லண்டனின் கிங்ஸ் கிராஸில் 67 ஏக்கர். நிலக்கரி இறக்குமிடம், தானியக் கிடங்கு, எரிவாயு உருளைகள், ரயில் பாதைகள் என்று கிடந்த இடம். நிலம் லண்டன் அண்ட் கான்டினென்டல் ரயில்வேஸ் நிறுவனத்திடமும் பிற்பாடு டி.எச்.எல் என்றான சரக்கு நிறுவனத்திடமும் இருந்தது. இவர்கள் ஆர்ஜென்ட் என்ற பில்டரைச் சேர்த்துக்கொண்டார்கள். நிலத்தை விற்று விலகாமல், அதையே முதலாகப் போட்டுப் பாதிப் பங்கு வைத்துக்கொண்டார்கள். 2006-ல் திட்ட அனுமதி கிடைத்தது. 2011-ல் பழைய தானியக் கிடங்குக்குள் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி குடியேறியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் வந்துபோக ஆரம்பித்ததும் அந்த இடத்தின் பெயரே மாறிப்போனது, பெரிய அலுவலகங்கள் பின்னாலேயே வந்தன. ரயில்வே நிறுவனம் இதற்குள் பிரிட்டிஷ் அரசின் வசம் போயிருந்தது. அரசு தன் 36.5 சதவீதப் பங்கை ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி ஒன்றுக்கு 37.1 கோடி பவுண்டுக்கு விற்றது. மும்பைக் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். விலை ஏறும் வரை நிலக்காரர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த வழியின் பலம் பொறுமை. கட்டி முடித்ததும் விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை என்பதால், தெருவும் மரமும் முதலில் வந்தன. பழைய எரிவாயு உருளைகளின் இரும்புச் சட்டங்களைக் கழற்றிச் சீர்செய்து, திரும்ப நிறுத்தி, அதற்குள் வீடு கட்டும் அளவுக்குப் பொறுமை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மொத்தப் பேட்டையும் ஒரே முதலாளி என்றால், தெருவும் அவருடையதுதான். 2019-ல் அங்கே நடந்துபோனவர்களின் முகங்களைக் கேமரா வைத்து அடையாளம் கண்டது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. குறைந்த விலை வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள 2015-ல் உள்ளாட்சி ஒப்புக்கொண்டது. சந்தை நிலவரம் மாறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்று பில்டர் சொன்னால், பாதி கட்டிய நிலையில் மறுப்பது யாருக்குமே கஷ்டம். வாக்குறுதி கொடுத்தவரும் கணக்குக் காட்டுபவரும் ஒரே ஆளாக இருப்பதன் விளைவு இது. பசுமைப் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. முழுப் பேட்டைக்கும் ஒரே மின்-வெந்நீர் நிலையம் வைத்தார்கள். அன்று மெச்சப்பட்ட அது, எரிவாயுவில் ஓடுவது.

நம்மூர் ஜே.வி. (நிலக்காரரும் பில்டரும் கூட்டுச் சேர்ந்து கட்டும்) முறைக்கு மிக அருகில் இருப்பது இதுதான், அதனால் வாரிசுகளுக்கு இது பிடிக்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். நம்மூரில் ஜே.வி. என்றால் கட்டிய பரப்பில் இத்தனை சதவீதம் என்று பிரித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். யூ.டி.எஸ். (வீட்டோடு சேர்த்து எழுதும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) வீடு வீடாக எழுதிக் கொடுத்துவிட்டால் யாரிடமும் நீண்டகாலப் பங்கு மிச்சம் இருக்காது, ஏலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் குறைந்துவிடும். கடைகளையும் அலுவலகங்களையும் விற்காமல் வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பங்கு என்றால்தான் கிங்ஸ் கிராஸ் தர்க்கம் வேலை செய்யும். இரண்டாவது, வாரிசுகள் எட்டுப் பேர், ஒருவருக்கு நாளைக்கே பணம் வேண்டும் என்றால் இந்த வழி நீதிமன்றத்தில்தான் முடியும். இருபது ஏக்கருக்கு மேல், வில்லங்கம் இல்லை, உரிமையாளர் ஒருவரே அல்லது ஒரே நிறுவனம்: அப்படிப்பட்ட இடத்துக்கே இது பொருந்தும்.

## மூன்றாவது வழி: ஊர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகக் கொடுப்பது

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் பழைய பகுதி 157 ஹெக்டேர். அதை ஹாஃபென்சிட்டி என்ற நகர்ப் பகுதியாக மாற்றப்போவதாக 1997-ல் மேயர் ஹென்னிங் ஃபோஷராவ் அறிவித்தார். நிலம் பெரும்பாலும் நகரத்தின் கையிலேயே இருந்தது. அதற்கென நகரமே ஒரு கம்பெனி தொடங்கி, தனி நிதிக் கணக்கு வைத்து, நிலம் விற்ற பணத்தில் பாலமும் தெருவும் கட்டியது.

அவர்கள் நிலம் விற்கும் முறையைத்தான் நம் அதிகாரிகள் படிக்க வேண்டும் என்பேன். ஒரு துண்டு நிலத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுத்ததும் பத்திரம் எழுதுவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த நிலத்தை அவருக்கென ஒதுக்கி வைக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் அவர் மண்ணைப் பரிசோதித்து, கட்டட வடிவமைப்புப் போட்டி நடத்தி, நகரத்தோடு பேசி, அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்த பிறகே பணமும் பத்திரமும். இழுத்தடித்தால் நகரம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாங்குபவருக்கும் இதில் லாபம்: வட்டி கட்டிக்கொண்டு அப்ரூவலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மனைகளில் விலைக்கு 30 சதவீத மதிப்பெண், திட்டத்தின் தரத்துக்கு 70. மையப் பகுதியில் தரைத்தளம் ஐந்து மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. இன்று வீடாக இருந்தாலும் நாளை கடையோ பட்டறையோ வர இடம் இருக்கட்டும் என்பதற்காக. அந்தப் பகுதி நகரத்தின் பெரிய வெள்ளத் தடுப்பு அணைக்கு வெளியே இருப்பதால், கட்டடங்களைக் கடல் மட்டத்திலிருந்து எட்டு, ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மேடுபடுத்திக் கட்டினார்கள். 1962 வெள்ளத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊர் அது. பெரம்பூர், புளியந்தோப்புக்காரர்களுக்கு ஓட்டேரி நல்லா கால்வாயின் வெள்ளத்தை நினைவூட்டத் தேவையில்லை. ஆலை நிலத்தை மட்டும் மண் கொட்டி உயர்த்திவிட்டால் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த முறை எவ்வளவு உதவுகிறது என்பதற்கு ஹாஃபென்சிட்டிக்குள்ளேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. நடுப் பகுதியான ஊபர்ஸே குவாட்டரை மட்டும் மொத்தமாக ஒரு கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 2008 நிதி நெருக்கடி வந்தது. சுற்றியிருந்த சிறு துண்டுகளில் வேலை நடக்க, அதன் தென் பகுதி வருடக்கணக்கில் குழியாகவே கிடந்தது. 2014-ல் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது, வணிக வளாகம் திறந்ததோ 2025-ல்.

ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பியும் நகரம் முன்னின்று கட்டியதுதான். 2004 ஒலிம்பிக்கைக் கேட்டபோது வீரர்கள் தங்குமிடமாக யோசித்த பழைய தொழிற்பேட்டை. போட்டி ஏதென்ஸுக்குப் போனாலும் திட்டம் நின்றுவிடவில்லை. சுமார் 11,000 வீடுகள். கழிவுநீரிலிருந்து சமையல் வாயுவும் வீட்டுச் சூடும், குப்பையைக் காற்றால் உறிஞ்சும் குழாய்கள், இலவசப் படகு, 2002-லேயே ஓடத் தொடங்கிய டிராம். உலகம் முழுவதிலிருந்தும் அதிகாரிகள் சுற்றுலா போய்ப் பார்க்கும் இடம். குழாயைப் பார்த்து மயங்கி வருகிறார்களே தவிர, பெரும்பாலோர் குடிவருவதற்குள் டிராம் வந்துவிட்டது என்பதை ஊர் திரும்பியதும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 60 யூனிட் என்ற ஆற்றல் இலக்கைப் பல கட்டடங்கள் எட்டவில்லை. ஏரியைப் பார்த்த பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்களும் அதற்கு ஒரு காரணம். சுவீடனின் இன்னொரு நகரமான மால்மோவில், காக்கும்ஸ் கப்பல் தளத்தின் மீது 2001-ல் எழுந்த போ01 பேட்டையிலும் 105 யூனிட் என்ற இலக்கு இதே மாதிரி தவறியது.  மால்மோவில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு விதி உண்டு. ஒவ்வொரு மனைக்கும் பசுமைப் பரப்பு மதிப்பெண் (மனையில் எவ்வளவு பகுதி செடிகொடியும் திறந்த மண்ணும் என்ற கணக்கு) குறைந்தது 0.5 வர வேண்டும், கூடவே 35 அம்சங்கள் கொண்ட பட்டியலிலிருந்து பத்தைச் செய்து காட்ட வேண்டும். நமக்கு ஏற்ற பட்டியலில் கிணறும் நிழல் மரமும் வெயில் தாங்கும் தாழ்வாரமும் இருக்கும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதல் பல வருடங்களுக்கு நகரம் கடன் வாங்கித் தெரு போட வேண்டும். நிலம் விற்ற பணத்தின் மேல் வேறு துறைகளுக்கும் கண் இருக்கும். ஹாஃபென்சிட்டி நிதியே முதலில் ஆல்டன்வெர்டர் சரக்குப் பெட்டக முனையத்துக்கும் பணம் தர வேண்டியிருந்தது. அதோடு அரசியல் ஆசைகள்: 7.7 கோடி யூரோ என்று சொல்லித் தொடங்கிய எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கம் 2017-ல் திறந்தபோது நகரத்தின் செலவு மட்டும் 78.9 கோடி. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்தைந்து வருடம் ஒரே திட்டத்தைக் கையில் பிடித்திருக்கும் சிறு அலுவலகம் ஒன்று வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு ஆணையர் மாறும் மாநகராட்சியில் இதை நேரடியாக நடத்த முடியாது. தனிக் கம்பெனியாகத்தான் முடியும்.

நிலம் ஏற்கெனவே அரசு நிறுவனத்திடம் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. தனியாரிடமிருந்து சந்தை விலைக்கு வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால், வட்டியே திட்டத்தை விழுங்கிவிடும்.

## நான்காவது வழி: குத்தகையும் கூட்டுறவும்

சூரிச்சில் ஹுன்ட்சிக்கர் என்ற கான்கிரீட் தொழிற்சாலை இருந்த நான்கு ஹெக்டேர் நகரத்துக்குச் சொந்தம். ஐம்பதுக்கும் மேற்பட்ட வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கிய புதுச் சங்கம் அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, 2015 வாக்கில் 13 கட்டடங்களைக் கட்டி முடித்தது. சுமார் 1,200 பேர் வசிக்கிறார்கள், தரைத்தளங்களில் கடைகளும் பட்டறைகளும். குடியிருப்பவர்கள் சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை என்பது பொது விதி. நிலத்தின் விலை ஏறினாலும் வாடகை அதன் பின்னாலேயே ஏறுவதில்லை, ஏனென்றால் விற்று லாபம் எடுக்கப் போகிறவர் யாரும் அங்கே இல்லை.

ஜெர்மனியின் டியூபிங்கன் கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. நெக்கர் ஆற்றங்கரையில் எகேரியா என்ற துண்டு நெசவு ஆலை இருந்த இடத்தை நகரத்தின் கம்பெனி எடுத்து, மனைக்கு நிலையான விலை வைத்தது. யார் அதிகம் தருவார் என்ற போட்டியே இல்லை. பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு கட்டுமானக் குழுவாக விண்ணப்பிக்கும். கீழே என்ன தொழில் வைப்போம், யார் யார் வசிப்போம் என்று சொல்ல வேண்டும், நல்ல யோசனைக்கு மனை. பில்டர் லாபம் இல்லாததால் செலவும் குறைந்தது. துண்டு நெசவு ஆலை என்றதும் கரூர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

நம்மூரில் இதற்கு முட்டுக்கட்டைகள் அதிகம், மறைக்க வேண்டாம். தன் பெயரில் யூ.டி.எஸ். இல்லாத வீட்டை வாங்க ஆள் தயங்குவார், வங்கியும் கடன் தரத் தயங்கும். கூட்டுறவு வீட்டுச் சங்கம் என்றால் பலருக்குப் பழைய கசப்பு இருக்கிறது. குத்தகை வாடகையை உரிய காலத்தில் உயர்த்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிண்டி குதிரைப் பந்தய மைதானம் போதும். 160 ஏக்கருக்கு 1940-களில் போட்ட 99 வருடக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். 730 கோடிக்கு மேல் பாக்கி என்று சொல்லி அரசு 2024-ல் குத்தகையை ரத்து செய்தது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாடகை எந்தக் கணக்கில் உயரும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதாத குத்தகை, குத்தகையே அல்ல.

ஆகவே முழு நிலத்துக்கும் இது என்று பிடிவாதம் வேண்டாம். பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கான வாடகை வீடுகள், சிறு பட்டறைகள், பள்ளி, மருத்துவமனை ஆகிய பகுதிகளுக்கு மட்டும் குத்தகை நன்றாகவே வேலை செய்யும். சொந்த வீடு வேண்டும் என்பவருக்கு வேறு துண்டு இருக்கட்டும்.

## சேர்த்து வைத்துப் பார்த்தால்

| | ஏலம் | நிலத்தைப் பங்காக | ஊர் துண்டு துண்டாக | குத்தகை / கூட்டுறவு |
|---|---|---|---|---|
| பணம் வருவது | உடனே, ஒரே தடவை | தாமதமாக, ஆனால் அதிகம் | முதலில் செலவு, பிறகு படிப்படியாக | சிறுகச் சிறுக, நின்று நிலைத்து |
| விலையேற்றம் யாருக்கு | வாங்கியவருக்கு | இருவருக்கும் | பெரும்பாலும் ஊருக்கு | ஊருக்கும் குடியிருப்பவருக்கும் |
| மண் சுத்தம் | எழுதாவிட்டால் யாரும் செய்யார் | கூட்டாளிகள் பொறுப்பு | முன்கூட்டியே தெரிந்துவிடும் | நிலக்காரரே முதலில் செய்ய வேண்டும் |
| கலப்பு | பெரும்பாலும் பேருக்கு | நன்றாக வரும், ஒரே முதலாளி கையில் | மிக நன்றாக | சிறு அளவில் மிக நன்றாக |
| பெரிய ஆபத்து | பின்னர் விதியை மாற்றுவது | பாதியில் வாக்கு மாறுவது | அரசியல், கடன் | வாடகை உயராமல் உறைவது |

வாரிசுகள் கேட்டால் என் பதில்: சிறு நிலம், அவசரக் கடன் என்றால் ஏலம். பெரிய நிலம், அவசரம் இல்லை என்றால் பங்கு, கடைகளை விற்காமல் வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு. கோவை போல மத்திய அரசின் நிறுவனத்திடம் நிலம் இருக்கும் ஊரில், மூன்றாவது வழியை எடுத்து, அதற்குள் ஐந்தில் ஒரு பங்கையாவது நான்காவது வழிக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். நிலத்துக்கு வட்டி கட்டாமல் தொடங்கும் வாய்ப்பு ஒரு ஊருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அந்த ஆலைகள் திரும்ப ஓட வேண்டும் என்று கேட்கும் தொழிலாளர்களின் கோரிக்கை இதற்கெல்லாம் முந்தையது. அது தீராமல் நிலத்தைப் பற்றி மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நலச் சங்கத்தினர் எந்த வழி வந்தாலும் ஒரு கட்டத்தைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆலை நிலம் முழுமைத் திட்டத்தில் பெரும்பாலும் தொழில் மண்டலமாகவே இருக்கும். வீடும் கடையும் கட்ட நில உபயோக மாற்றம் வேண்டும். அதற்கு முன் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். சின்ன எழுத்தில், குறைந்த நாள் அவகாசத்தோடு வரும். உள்தெரு, ஓ.எஸ்.ஆர் இடம், மண் பரிசோதனை அறிக்கை, மழைநீர் எங்கே போகும் என்ற நான்கையும் எழுத்தில் கேட்க வேண்டியது அப்போதுதான். ஏலம் முடிந்து கம்பி கட்டிய பிறகு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் கையில் மிஞ்சுவது ரசீது மட்டும்.